பத்திரத்துக்குப் பின்னால் யார்?

குற்றாலத்தில் சீஸன் ஆரம்பித்துவிட்டால் எனக்கு ஒரு கடமை சேர்ந்துகொள்ளும். ராஜபாளையம், சிவகிரி தாண்டியதும் வாசுதேவநல்லூரில் இறங்கி, ஓர் அண்ணாச்சி வீட்டில் காபி குடித்துவிட்டுத்தான் தென்காசிப் பக்கம் திரும்ப வேண்டும். உறவு ஒன்றும் இல்லை. ஆனால், இறங்காமல் போனது தெரிந்தால் ஒரு வருஷத்துக்குப் பேச மாட்டார்.

இந்த முறை காபிக்கு முன்னால் ஒரு புத்தகம் வந்தது. வழவழ தாள். அட்டையில் வானத்தைத் தொடுகிற கட்டடம், கீழே நீலமாக ஒரு நீச்சல் குளம்.

''தம்பி, நீங்க பி.காம். படிச்சவங்கதானே?''

வில்லங்கம் வரும்போதுதான் என் பட்டம் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ''ஆமா அண்ணாச்சி'' என்றேன்.

''நம்ம பய துபாய்ல ஒரு ஃப்ளாட் வாங்கப் போறேங்கான். இருபது லட்சம் திர்ஹாமுக்கு வாங்கினா பத்து வருஷம் விசாவாம். சொந்தப் பத்திரமாம். பிள்ளைகுட்டிக்கும் எழுதி வைக்கலாமாம். எனக்கு என்னவோ வயித்தக் கலக்குது. நம்ம நாடு இல்ல, நம்ம ராஜா இல்ல. அங்ஙன போய் நிலம், வீடுன்னு வாங்கிப் போட்டா நிக்குமா?''

வட்டி விகிதம் கேட்பார், வாடகை எவ்வளவு வரும் என்று கேட்பார் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். அவர் கேட்டது அதையெல்லாம்விடப் பழைய கேள்வி. அதையும் எந்த ஊரில் உட்கார்ந்து கேட்கிறார்? வெளிநாட்டான் ஒருவன் நிலம் வாங்கியதன் விளைவு பீரங்கி வண்டியில் வந்து இறங்கிய ஊரில்!

''அண்ணாச்சி, ரெண்டு கதை சொல்றேன். ஒண்ணு நின்ன கதை. இன்னொண்ணு நிக்காத கதை. கேட்டுட்டு நீங்களே முடிவு பண்ணுங்க'' என்றேன்.

காபி வந்தது.

*

முதல் கதை மெட்ராஸில் ஆரம்பிக்கிறது.

1639. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்குத் துணி வாங்கி அனுப்ப ஓர் இடம் தேவைப்பட்டது. பிரான்ஸிஸ் டே என்கிற கம்பெனி ஏஜென்ட், கடலோரத்தில் ஒரு மணல்திட்டைப் பார்த்துவைத்தார். அந்தப் பகுதியின் அதிகாரம் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர் கையில். பேசினார்கள். பத்திரம் எழுதிக் கொடுத்தார் நாயக்கர். கோட்டை கட்டிக்கொள்ளலாம், வியாபாரம் செய்துகொள்ளலாம். ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. இன்றைக்கு நாம் ரிஜிஸ்டிரார் ஆபீஸ் போகிற மாதிரிதான் வந்தான் வெள்ளைக்காரன்.

அப்புறம் இந்தப் பக்கத்தில் ராஜாக்கள் மாறினார்கள். விஜயநகரத்தின் மிச்சசொச்சம் போய் கோல்கொண்டா வந்தது. கம்பெனி கவலைப்படவில்லை. புதிதாக யார் வந்தாலும் அவர்களோடு பேசிப் பத்திரத்தைப் புதுப்பித்துக்கொண்டது. 1672-ல் வருஷத்துக்கு 1,200 வராகன் என்று வாடகை முடிவானது. ஆமாம், வாடகைதான். செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்காரர்கள் நம் ஊரில் குடியிருந்தவர்கள், அவ்வளவுதான்.

அடுத்தது கடலூர். இது கொஞ்சம் தமாஷ்.

1690-ல் தேவனாம்பட்டினத்தில் இருந்த ஒரு கோட்டையை மராட்டியர்களிடமிருந்து கம்பெனி விலைக்கு வாங்கியது. சிவாஜியின் மகன் ராஜாராம் அப்போது செஞ்சிக் கோட்டையில் இருந்தார். வெளியே முகலாயப் படை. அவருக்குக் காசு வேண்டும். இவர்களுக்குக் கோட்டை வேண்டும். கோட்டையோடு அதைச் சுற்றியுள்ள கிராமங்களும் சேர்த்தி. சரி, எதுவரைக்கும் சுற்றி? அதற்குத்தான் பத்திரத்தில் ஒரு வாசகம் போட்டார்கள்: பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும்!

சங்கிலி போட்டு அளக்கவில்லை. சர்வே கல் நடவில்லை. குண்டு விழுந்த இடம் எல்லை. அப்போது மெட்ராஸ் கவர்னர் எலிஹு யேல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த அதே ஆசாமி. சும்மா விடுவாரா? மெட்ராஸிலிருந்து நல்ல பீரங்கியாக, நல்ல பீரங்கிக்காரனாகப் பார்த்து அனுப்பினார். செப்டம்பர் மாதத்தில் ஒரு நாள் திசைக்கு ஒன்றாகச் சுட்டார்கள். குண்டு எங்கெங்கே விழுந்ததோ, அதுவரை இருந்த ஊர்களெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். கடலூர் டவுனும் அதற்குள் அடக்கம். 'குண்டு கிராமங்கள்' என்று அந்த ஊர்களுக்குப் பெயரே வந்துவிட்டது.

அந்தக் கிராமத்து ஜனங்களை நினைத்துப் பாருங்கள். காலையில் வயலுக்குப் போனபோது ஒரு ராஜா. சாயங்காலம் வீடு திரும்பும்போது வேறு ராஜா. நடுவே ஒரு சத்தம் மட்டும் கேட்டிருக்கும்.

சிரித்துவிட்டுப் போய்விடக் கூடாது. இங்கே ஒரு பாடம் இருக்கிறது. விற்றவர் பத்திரத்தில் தூரத்தைப் பார்த்தார். வாங்கியவர் பீரங்கியைப் பார்த்தார். நிலம் வாங்கும்போதே அதை அளப்பதற்கும், காப்பதற்கும் சொந்தக் கருவியோடு வந்தவன் அவன்.

*

''நம்ம ஊருக்கு எப்ப வாரீரு?'' என்றார் அண்ணாச்சி.

வந்துவிட்டேன். 1752. ஆற்காடு நவாப் முகம்மது அலிக்கு அரியணைச் சண்டையில் கம்பெனி உதவி செய்தது. பதிலுக்கு அவர், மெட்ராஸுக்கு நீங்கள் கட்டுகிற 1,200 வராகன் இனிமேல் வேண்டாம் என்று தள்ளுபடி செய்துவிட்டார். வாடகைக்கு வந்தவனுக்கு வாடகை நின்றது.

சண்டைக்கு உதவி என்றால் இனாமா? பட்டாளச் செலவெல்லாம் நவாப் கணக்கில் ஏறியது. கையில் காசு இல்லாத நவாப் என்ன செய்வார்? திருநெல்வேலிச் சீமை எனக்குக் கப்பம் கட்ட வேண்டும், வசூல் செய்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

1755-ல் கர்னல் ஹெரான் தலைமையில் கம்பெனிப் படையும், நவாபின் அண்ணன் மாபூஸ்கானும் தெற்கே வந்தார்கள். வாசுதேவநல்லூருக்குப் பக்கத்தில் இருக்கிற நெற்கட்டும்செவலை முற்றுகையிட்டார்கள். உள்ளே பூலித்தேவர். இருபதாயிரம் ரூபாய் கட்டினால் போய்விடுகிறோம் என்று பேரம் நடந்தது. வெளியே நிற்பவர்களிடம் கோட்டைச் சுவரை உடைக்கிற அளவுக்குப் பெரிய பீரங்கி இல்லை என்பது பூலித்தேவருக்குத் தெரிந்திருந்தது. காலணா தர முடியாது என்றார். ஹெரான் திரும்பிப் போனார். நெல் கட்டாத ஊர் என்பதால்தான் 'நெற்கட்டான்செவல்' என்று பெயர் மாறியது என்று இந்தப் பக்கத்தில் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்கள்.

வருஷங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1752-ல் வாடகை தள்ளுபடி. 1755-ல் அதே குடித்தனக்காரன் நம் வீட்டு வாசலில் வந்து நின்று, 'வாடகை எங்கே?' என்கிறான். இடைவெளி மூன்றே வருஷம்!

அடுத்த முறை பெரிய பீரங்கியோடு வந்தார்கள். கம்பெனியின் தளபதியாக இருந்த யூசுப்கான், அதாவது நம் மருதநாயகம், வாசுதேவநல்லூர்க் கோட்டையை முதல் தடவை பிடிக்க முடியாமல் திரும்பினார். 1761-ல் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் மூன்றும் அவர் கையில் விழுந்தன. 1767-ல் மறுபடி ஒரு சண்டை. கர்னல் காம்ப்பெல்லின் பீரங்கி மண் சுவரில் ஓட்டை போடப் போட, உள்ளே இருந்தவர்கள் வைக்கோலையும் பனைமரத்தையும் வைத்து அடைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். எதிரிக்கே ஆச்சரியம். ஆனாலும் கோட்டை போனது. 1801-ல் கர்நாடகம் முழுக்கக் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது.

இது நின்ற கதை. குடித்தனம் வந்தவன் வீட்டுக்காரன் ஆன கதை. பத்திரத்துக்குப் பின்னால் பீரங்கி இருந்தது. அதனால் நின்றது.

*

இரண்டாவது கதையில் வெளியூர்க்காரன் நாம்.

பர்மாவின் கீழ்ப்பகுதியை 1852-ல் வெள்ளைக்காரன் பிடித்தான். ஐராவதி ஆறு கடலில் கலக்கிற டெல்டா முழுக்கக் காடும் சதுப்பும். எட்டு லட்சம் ஏக்கருக்குள்தான் அப்போது நெல் விளைந்தது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. கப்பல் பயணம் சுருங்கியது. ஐரோப்பாவில் அரிசிக்குக் கிராக்கி. பர்மா விவசாயி காட்டைத் திருத்த ஆரம்பித்தான்.

காட்டைத் திருத்த மாடு வேண்டும், கூலி வேண்டும், அறுவடை வரைக்கும் சாப்பாடு வேண்டும். பணம்? ஆங்கில பாங்குகள் சேற்றில் இறங்குமா? இறங்கியவர்கள் செட்டிநாட்டு நகரத்தார்கள்.

அவர்களுடைய ஏற்பாட்டைக் காமர்ஸ் பாடப் புத்தகத்திலேயே வைக்கலாம். முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார். மூன்று வருஷ ஒப்பந்தத்தில் ஏஜென்ட் கப்பலேறுவார். கீழே அடுத்தாள், பெட்டியடி என்று வரிசை. சமையல் முதல் கணக்கு வரை எல்லாம் ஒரே கிட்டங்கியில். ரங்கூன் முகல் தெருவில் வரிசையாகக் கிட்டங்கிகள். வட்டி எவ்வளவு என்பதை எல்லோரும் கூடிப் பேசி முடிவு செய்வார்கள். லாபத்தில் கோயிலுக்கு மகமை. ஒருவர் சொல் தவறினால் ஊருக்கே தெரிந்துவிடும். அதனால் யாரும் தவற மாட்டார்கள்.

பர்மா விவசாயிக்கு நிலம் எப்படிச் சொந்தமானது? 1876-ல் வெள்ளைக்காரன் ஒரு சட்டம் போட்டிருந்தான். காட்டைத் திருத்தி, தொடர்ந்து பன்னிரண்டு வருஷம் வரி கட்டிப் பயிர் செய்தால் நிலம் உன்னுடையது. நல்ல சட்டம்தான். ஆனால், சொந்தம் என்று ஒரு காகிதம் வந்துவிட்டால், அதை அடகு வைக்கவும் முடியும். எந்தக் காகிதம் அவனை முதலாளி ஆக்கியதோ, அதே காகிதம் கிட்டங்கியின் இரும்புப் பெட்டிக்குள் போனது.

1930 வாக்கில் பர்மா முழுக்கச் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. போட்டிருந்த பணம் 75 கோடி ரூபாய் வரை இருக்கும் என்று பாங்க் விசாரணைக் கமிட்டி கணக்குப் போட்டது. அன்றைய 75 கோடி! டெல்டாவில் நெல் விளைந்த பரப்பு 80 லட்சம் ஏக்கரைத் தாண்டியது. உலகத்திலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்யும் நாடு பர்மா. செட்டிநாட்டில் பர்மா தேக்கில் தூண்கள் எழும்பின.

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். செட்டியார்களுக்கு நிலத்தின் மேல் ஆசை கிடையாது. வட்டித் தொழில் செய்கிறவனுக்குப் பணம் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். நிலம் என்பது மாட்டிக்கொண்ட பணம். எனவே 1930-ல் டெல்டாவின் பதின்மூன்று நெல் ஜில்லாக்களில் அவர்கள் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு ஆறு பங்குதான்.

அந்த 1930-ல்தான் வந்தது வினை.

உலகம் முழுக்கப் பொருளாதாரம் படுத்தது. நெல் விலை பாதிக்கும் கீழே போனது. பர்மா விவசாயியால் அசலை விடுங்கள், வட்டியைக்கூடக் கட்ட முடியவில்லை. செட்டியார்களுக்கோ மேலே பாங்க் கடன், டெபாசிட் போட்ட சொந்தக்காரர்கள். அவர்கள் கழுத்தைப் பிடித்தார்கள். தவணை கொடுத்துப் பார்த்தார்கள். விலை ஏறவில்லை. கடைசியில் அடமான நிலம் கைக்கு வந்தது. வாங்க ஆள் இல்லாததால் கையிலேயே நின்றது. 1938-ல் கணக்குப் பார்த்தால், அதே பதின்மூன்று ஜில்லாக்களில் நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு. சுமார் 25 லட்சம் ஏக்கர். எட்டு வருஷத்தில் ஆறு இருபத்தைந்தாகிவிட்டது!

ஐந்தொகை எழுதினால் சொத்துப் பக்கம் பிரமாதமாக இருக்கும். வாத்தியார் முழு மார்க் போட்டுவிடுவார். ஆனால், சொத்துக்குப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத கடன் ஒன்று ஏறிக்கொண்டே இருந்தது. அது பர்மாக்காரனின் கோபம்.

அவன் இடத்தில் நின்று பாருங்கள். தாத்தா காட்டை வெட்டினார். அப்பா சேற்றை வயலாக்கினார். இப்போது அதே வயலில் இவன் குத்தகைக்காரன். நிலத்துக்குச் சொந்தக்காரர் வேறு பாஷை பேசுகிறவர். மூன்று வருஷத்தில் ஊருக்குப் போய்விடுகிறவர். மொத்தக் குற்றமும் செட்டியாருடையதா? விலையைக் கவிழ்த்தது அவரா? இல்லை. ஆனால், பர்மா விவசாயி லண்டனையோ நியூயார்க்கையோ பார்த்ததில்லை. கிட்டங்கியைப் பார்த்திருக்கிறான். 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் இந்தியத் தொழிலாளர்களுக்கு எதிராகக் கலவரம். அதே வருஷக் கடைசியில் சயா சான் என்பவர் தலைமையில் தாராவதி ஜில்லாவில் விவசாயிகள் கிளர்ச்சி. அவரைத் தூக்கில் போட்டார்கள். கோபத்தைத் தூக்கில் போட முடியவில்லை. 1938-ல் மறுபடி கலவரம்.

நடுவே 1937 ஏப்ரல் முதல் தேதி.

அதுவரை பர்மா, பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். காரைக்குடியிலிருந்து ரங்கூன் போவது சட்டப்படி பம்பாய் போவது மாதிரிதான். அந்த ஏப்ரல் ஒன்றாம் தேதி பர்மா தனியாகப் பிரிக்கப்பட்டது. முதல் நாள் ராத்திரி உள்நாட்டில் நிலத்தோடு படுத்தவர், காலையில் வெளிநாட்டில் நிலத்தோடு எழுந்தார். அவர் ஓர் அடிகூட நகரவில்லை. எல்லைக்கோடுதான் நகர்ந்தது. கடலூரில் குண்டு விழுந்து நகர்ந்த மாதிரி!

பத்திரம் அப்படியேதான் இருந்தது. அதன் பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக விலக ஆரம்பித்தார்கள். 1941-ல் விவசாயி அல்லாதவர் கைக்கு நிலம் போவதைத் தடுக்கச் சட்டம் வந்தது. அதே வருஷம் டிசம்பர் 23-ம் தேதி ரங்கூனில் ஜப்பான் குண்டு போட்டது. நாலைந்து லட்சம் இந்தியர்கள் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். கப்பல் கிடைக்காதவர்கள் அரக்கான் மலை வழியாகவும் மணிப்பூர்க் காடு வழியாகவும் நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் பல்லாயிரம் பேர் வழியிலேயே செத்தார்கள். இதில் செட்டியார்களைவிடக் கூலிகளும் குடும்பஸ்தர்களும்தான் அதிகம். ஓர் ஏக்கர் நிலம்கூட வாங்காதவர்களும் அதே வழியில்தான் நடந்தார்கள்.

போர் முடிந்ததும், நிலத்தைத் திரும்பப் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை இருந்தது. 1947-ல் வெளிநாட்டாருக்கு அசையாச் சொத்து கைமாற்றத் தடை. 1948 ஜனவரி 4-ம் தேதி சுதந்திரம். அதே வருஷம் ஊ நூ அரசு நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் கொண்டு வந்தது. 1953-ல் அதைவிட விரிவாக இன்னொரு சட்டம். நஷ்டஈடு என்று காகிதத்தில் ஒரு கணக்கு இருந்தது. சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவும் செட்டியார்களின் கைக்கு வரவில்லை.

சட்டப்படிதான் கொடுத்தார்கள். சட்டப்படிதான் அடமானம் வாங்கினார்கள். கோர்ட் மூலம்தான் நிலத்தை எடுத்தார்கள். கடைசியில் போனதும் சட்டப்படிதான். ஆட்டம் அதேதான். சட்டம் போடுகிற ஆள் மட்டும் மாறிவிட்டார்.

1962 மார்ச்சில் நீ வின் ராணுவ ஆட்சி. 1963-ல் பாங்குகள் நாட்டுடைமை. 1964-ல் கடைகள். அதே வருஷம் மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது. மிச்சம் இருந்த இந்தியர்களில் சுமார் மூன்று லட்சம் பேர் வெளியேறினார்கள். அவர்களில் பலர் மெட்ராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். பீச் ஸ்டேஷனுக்கு எதிரே பர்மா பஜார் என்று ஒரு தெரு உருவானது. தள்ளுவண்டியில் அத்தோ சாப்பிடுகிறவர்கள் அடுத்த முறை அந்தத் தட்டைக் கொஞ்சம் மரியாதையாகப் பிடியுங்கள். பலருக்கு மிஞ்சியது அந்தக் கைமணம் மட்டும்தான்.

*

அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. காபி ஆறிவிட்டது.

''அப்ப வாங்க வேண்டாங்கீகளா?''

அப்படிச் சொல்லவில்லை. 1755-ல் போன கர்னல் அல்ல நம் ஆட்கள். சம்பாதித்த காசில் ஒரு வீடு கேட்கிறார்கள். உலகமும் அன்றைக்கு மாதிரி இல்லை. வெளிநாட்டவருக்கு எது உண்டு, எது இல்லை என்று பல நாடுகள் முன்கூட்டியே எழுதிவைத்திருக்கின்றன. தாய்லாந்தில் ஓர் அடுக்குமாடியில் 49 சதவிகிதம் வரை வெளிநாட்டார் வாங்கலாம். நிலம் வாங்குவது மட்டும் பொதுவாக முடியாது. சிங்கப்பூரில் வெளிநாட்டவர் வீடு வாங்கினால், 2023 ஏப்ரலிலிருந்து கூடுதல் முத்திரை வரியே 60 சதவிகிதம். 'வராதே' என்று சொல்லாமல் சொல்வது இதுதான். இலங்கை 2014-ல் வெளிநாட்டாருக்கு நிலம் விற்கக் கட்டுப்பாடு கொண்டு வந்தது. மியான்மர் ஆகிவிட்ட பர்மாவிலேயே, 2016-ல் ஒரு சட்டம் வந்து, அடுக்குமாடிகளில் 40 சதவிகிதம் வரை வெளிநாட்டார் வாங்கலாம் என்றானது. மண் கிடையாது. மாடி உண்டு.

நாம் மட்டும் என்ன? இந்தியாவில் குடியிருக்காத, இந்திய வம்சாவளி அல்லாத ஒரு வெளிநாட்டவர் இங்கே நினைத்த மாத்திரத்தில் நிலம் வாங்கிவிட முடியாது. பட்ட சூடு நமக்கும் ஞாபகம் இருக்கிறது.

துபாய் 2002-ல் கதவைத் திறந்தது. 2006-ல் அதற்கு முறையான சட்டம் போட்டது. குறிப்பிட்ட பகுதிகளில் வெளிநாட்டார் முழு உரிமையோடு வாங்கலாம். 2008 கடைசியில் உலகச் சந்தை சரிந்தபோது அங்கே விலை பாதிவரை விழுந்தது. பாதியில் நின்ற கட்டடங்களுக்குப் பணம் கட்டிவிட்டு முழித்தவர்கள் நிறைய. ஆனால், பத்திரம் செல்லாது என்று யாரும் சொல்லவில்லை. அந்த வித்தியாசம் முக்கியம்.

எனவே அண்ணாச்சிக்கு நான் சொன்னது ஒன்றுதான். விலையைக் கேட்பதற்கு முன்னால், இந்தப் பத்திரத்துக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். கம்பெனிக்குப் பின்னால் அவனுடைய பீரங்கியே நின்றது. அப்படி வாங்குவது வாங்குவதே அல்ல. செட்டியாருக்குப் பின்னால் இன்னொருவனின் பீரங்கி நின்றது. அவன் கப்பலேறியதும் பத்திரம் அநாதை. பீரங்கி இல்லாத நம்மைப் போன்றவர்களுக்கு இரண்டே காவல். அந்த நாட்டுச் சட்டம் ஒன்று. அந்த ஊர்க்காரனின் சம்மதம் இன்னொன்று. முதலாவதை வக்கீல் பார்த்துச் சொல்லிவிடுவார். இரண்டாவதை, அங்கேயே பதினாலு வருஷம் குப்பை கொட்டிய உங்கள் பையன்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டும் இருக்கிறதா, குடியிருக்க வாங்கட்டும். மொத்தச் சேமிப்பையும் கொண்டுபோய்க் கொட்ட வேண்டாம். செட்டியார்களிலும் ஊரில் கொஞ்சம் நிலமும் தொழிலும் வைத்திருந்தவர்கள்தான் எழுந்து நின்றார்கள்.

''அதைத்தான தம்பி நானும் சொல்லுதேன். அங்ஙன ஒரு சின்ன வீடு போதும். மிச்சக் காசுக்கு இங்ஙன ரெண்டு ஏக்கர் எலுமிச்சைத் தோட்டம் வெலைக்கு வருது. பய பேர்ல முடிச்சுருவோமா?''

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ''முடியாது அண்ணாச்சி. அவரு இப்போ வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர். வீடு வாங்கலாம், மனை வாங்கலாம். நம்ம நாட்டுச் சட்டப்படி விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது.''

அண்ணாச்சி என்னையே பார்த்தார். ''அங்ஙனயும் வெளியூர்க்காரன், இங்ஙனயும் வெளியூர்க்காரனா? இதே மண்ணுல பொறந்த பய தம்பி அவன்!''

''விலைக்குத்தான் வாங்கக் கூடாது. அப்பா சொத்து பிள்ளைக்கு வரலாம். அதுக்குத் தடை இல்லை.''

அவர் அந்த வழவழப் புத்தகத்தை மூடி ஓரமாக வைத்தார். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: ''ஏட்டி, தம்பிக்கு இன்னொரு காபி கொண்டா. ஆறிப் போச்சு.'' பிறகு என்னிடம் திரும்பினார்.

''அப்ப என் பேர்லயே வாங்குதேன். எனக்குப் பொறவு அவனுக்குன்னு எழுதி வச்சிருதேன். நம்ம பத்திரத்துக்குப் பின்னால நாமதான நிக்கணும்?''